கோடு கீறிய டம்ளர்

என் மனைவி கடைசியாகக் கேட்டது தண்ணீர். நான் கொடுக்கவில்லை. இதை இவ்வளவு நேராக எழுத எனக்கு ஒரு வருடமும் பதினாறு நாளும் ஆகியிருக்கிறது.

அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ்ஸில் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவோம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, காபி, ரசம் எல்லாம் அதற்குள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் முப்பத்தொரு வருடம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு போல்ட் குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அவளுடைய எவர்சில்வர் டம்ளரில் நூற்றைம்பது மில்லி வரும் இடத்தில் ஆணியால் உள்ளே ஒரு கோடு கீறினேன். காலை ஆறு, பத்து, பகல் ஒன்று, நாலு, இரவு எட்டு. தண்ணீரோ காபியோ ரசமோ, மொத்தம் ஐந்து டம்ளர். ஒவ்வொன்றுக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு குறி.

அன்று சித்திரை வெயில் கொளுத்தியது. மூன்று மணிக்குக் கேட்டாள்.

"ஏங்க, நாக்கு ஒட்டிக்கிது. ஒரு வாய் குடுங்க."

"நாலு மணிக்குத்தான்."

கொல்லையில் துணி எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை வந்துவிட்டிருந்தாள். கையில் டம்ளர், கோட்டுக்கு மேலே தண்ணீர்.

"இது எத்தனாவதுன்னு தெரியுமா ஒனக்கு? செத்துத் தொலையணும்னே குடிக்கிறியா?"

டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். பிடுங்கியதில் அவள் உள்ளங்கை நனைந்திருந்தது. அந்தக் கையை உதட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். நாலு மணிக்குக் கோடு வரை நிரப்பி எடுத்துப் போனேன். அவள் எழுந்திருக்கவில்லை.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். சென்னையில் வேலை பார்க்கும் மகன் வந்ததும், "அம்மா கடைசியா ஏதாவது கேட்டாங்களாப்பா?" என்றான். "ஒண்ணும் கேக்கலப்பா" என்றேன். இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கும், தண்ணீரால் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் பிடுங்கிக் கொட்டவும், அந்த வார்த்தையைச் சொல்லவும் எந்த டாக்டரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

வருடம் திரும்பப் போகிற சமயத்தில் கீழப்பழுவூர் சிவன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். திங்கட்கிழமைதோறும் நூற்றெட்டுச் சுற்று, பதினோரு திங்கள். யாரும் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்ட அளவு. மஞ்சள் பை நிறையப் புளியங்கொட்டை கொண்டுபோய், ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றை நந்தியின் பீடத்தில் வைப்பேன்.

நேற்று ஏழாவது திங்கள். அறுபதைத் தாண்டி நந்தியிடம் வந்தபோது பீடம் துடைத்துவிட்டது போல் இருந்தது. கோயில் கூட்டும் அம்மாள் முறத்தோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா, இங்க இருந்த கொட்டையெல்லாம் எங்க?"

"அதுங்களாய்யா? யாரோ கோயில்னுகூடப் பாக்காம புளி ஆஞ்சு போட்டுட்டுப் போயிருக்காங்கன்னு கூட்டித் தள்ளிட்டேன்."

"கண்ணு அவிஞ்சு போச்சா? அறுபத்திரெண்டா, மூணான்னு தெரியலயே! எல்லாம் போச்சு! கணக்கு தெரியுமா ஒனக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை வெளியே வந்ததும் அது அடுக்களையில் கேட்ட குரல் என்று தெரிந்தது. அதே உயரம், அதே உறுமல். ஆறு திங்கள் சுற்றியும் என் தொண்டையில் ஒன்றும் மாறவில்லை. கண் இருட்டியது. சுடுகிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்கய்யா. இந்த வெயில்ல வெறுந் தலையோட சுத்துனா என்னாவும்?"

பாதியில் நிறுத்தி, எவ்வளவு மிச்சம் என்று சொம்புக்குள் பார்த்தேன். பழக்கம்.

"என்னத்தப் பாக்குறீங்க? குடிங்க, இன்னும் கொண்டாறேன்."

கொண்டுவந்தாள். இரண்டாவது சொம்பையும் குடித்தேன். நான் திட்டியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பதில் என் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"எம் பொண்டாட்டி சாகுறப்ப தண்ணி கேட்டா. புடுங்கிக் கொட்டிட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. "ஐயோ, பாவம் அந்தம்மா" என்றாள். என்னைப் பாவம் என்று சொல்லவில்லை. அது சரிதான். சொம்பை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அதுக்குத்தான் இந்தச் சுத்தா? இத்தன சுத்துனா சரியாப் போவும்னு சாமி சொல்லிச்சா?"

"இல்ல. நானா வச்சுக்கிட்டது."

"நல்லா வச்சீங்க போங்க. நீங்க பேசுன பேச்சுக்கு நானும் கணக்குப் பாத்திருந்தா இந்நேரம் நாக்கு வறண்டு கெடப்பீங்க. நானே குடுத்துட்டேன், உள்ள இருக்கறவரு குடுக்க மாட்டாரா?"

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் சுற்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கக் கால் பரபரத்தது. ஆரம்பிக்கவில்லை. வெறுங்கையோடு உள்ளே போய் நின்றேன். வெயில் காலத்துக்காக லிங்கத்துக்கு மேலே நீர்ப் பாத்திரம் கட்டியிருந்தார்கள். அதன் அடித்துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. நாற்பது வரை எண்ணிவிட்டேன். பிறகு கண்ணில் நீர் வந்து சொட்டு தெரியாமல் போயிற்று. "தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். இதுவரை ஒரு சுற்றில்கூட அதைச் சொன்னதில்லை. எண்ணுவதற்கே வாய் சரியாக இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் செய்தேன்.

"தம்பி, அன்னைக்கு அம்மா தண்ணி கேட்டா. நான் குடுக்கல. புடுங்கிக் கொட்டிட்டேன். ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

"வெயில்ல வெளிய போவாதீங்க. மோர் ஏதாச்சும் குடிங்க." போனை வைத்துவிட்டான். என்னை மன்னித்துவிட்டானா என்று தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை.

தினமும் காலையில் அவள் படத்துக்கு முன்னால் தண்ணீர் வைப்பேன், அவளுடைய அதே டம்ளரில். இன்று காலை பானையிலிருந்து மொண்டு ஊற்றும்போது கை தானாக நின்றது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றிருந்தது. முந்நூற்று எண்பத்தோரு நாளாக, செத்துப்போனவளுக்கும் நான் நூற்றைம்பது மில்லிதான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் இல்லாத வீட்டில் எனக்கு முகம் எரிந்தது.

விளிம்பு வரை நிரப்பினேன். நடக்க நடக்க அடுக்களையிலிருந்து படம் வரைக்கும் தரையெல்லாம் சிந்தியது. திரும்பிப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன்.