ஜெயராணி அக்காவுக்குத் தராத வீடு

ஜெயராணி அக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டு தரம் வந்தது. முதலில் அவருடைய மகள் ஷாமினி சாம்பியாவிலிருந்து அழைத்தாள். விடிந்து கொஞ்ச நேரந்தான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பாணும் கேக்கும் விற்பவரின் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டபடி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது விளங்காமல் மறுபடி கேட்டேன். "அம்மா போயிட்டா, ஆன்ட்டி," என்றாள். சற்று நேரத்தில் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி வந்தது. இரண்டு புறாக்கள், ஒரு மெழுகுவர்த்தி, நடுவில் அக்காவின் படம், கீழே தங்க எழுத்தில் "எங்கள் சபையின் மாணிக்கம்". தலை நரைப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன் எடுத்த படம் அது. பிறகு எடுத்த படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கைகூப்பினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது குறைந்தபாடில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அன்பானவர், பொறுமைசாலி, எப்போதும் சிரித்த முகம் என்ற மாதிரி இருந்தால் போதுமாம். அவரைத் தெரிந்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள். ஜெயராணி அக்கா பொறுமைசாலியா? நான் எனக்குத் தெரிந்தவரைப் பற்றி எழுதுகிறேன். மலரில் இடமில்லை என்றால் வேறெங்காவது இடம் கிடைக்கும்.

நாங்கள் இருவரும் கொட்டாஞ்சேனைச் சபையின் பாடகர் குழுவில் இருந்தோம். களனி கங்கை பெருகிக் கீழ்த்தெருக்களுக்குள் தண்ணீர் ஏறிய ஒரு ஞாயிறு, ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வெளியே கேற்றடியில் பிள்ளை குட்டிகளோடும் சட்டி பானைகளோடும் சனம் நின்றது. மண்டபத்தைத் திறந்துவிடட்டுமா என்று காவலாளி வந்து கேட்டார். அப்போதைய தலைவர், வெள்ளத்தில் தவிப்போருக்காக ஜெபிப்போம் என்று சொல்லிக் கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம். நீளமான ஜெபம். கண்ணைத் திறந்தபோது என் பக்கத்தில் அக்கா இல்லை. கேற்று அகலத் திறந்து கிடந்தது, மண்டபத்து வாங்குகளின் மேல் பிள்ளைகள் ஏறி நின்றார்கள். நிர்வாகக் குழு தீர்மானிக்கும்வரை பொறுக்க முடியாதா என்று தலைவர் கேட்டதற்கு அக்கா, "கண்ணை மூடிக்கொண்டு செய்யிற எல்லாம் ஜெபம் இல்லை, ஐயா," என்றார். அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் அவருக்கு இடமில்லை. குரல் சரியில்லையாம்.

அப்படிப்பட்டவரைத் தூரதேசத்துக்கு ஊழியத்துக்கு அனுப்புவதில் சபைக்கு இரட்டைச் சந்தோஷம் என்று நான் அவரைக் கேலி செய்ததுண்டு. அவரும் கணவர் எட்வின் அண்ணனும் கைக்குழந்தை ஷாமினியோடு புறப்பட்டபோது, இருந்த வாடகை வீட்டை விட்டுக் கொடுத்தார்கள். கட்டிலும் அலுமாரியும் அயலவர்களுக்குப் போயின. திரும்பி வந்தால் எங்கே இருப்பீர்கள் என்று சனம் கவலைப்பட்டது. பிரியாவிடை ஆராதனையில் தலைவரே பிரசங்கபீடத்தில் நின்று பதில் சொன்னார்: மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீடு ஊழியம் முடித்து வரும் இந்தக் குடும்பத்துக்கு உரியது. சபை முழுவதும் ஆமென் சொன்னது. இன்றைய நிர்வாகக் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் அன்று அங்கே இருந்தார்கள்.

இருபது வருடங்களுக்கு மேல் அக்காவின் குடும்பம் சாம்பியாவில் இருந்தது. அண்ணன் போதகர், அக்கா கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. விடுமுறையில் வந்தால் அந்த நாட்டு உடையில் மேடை ஏற வேண்டும், அந்த மொழியில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். இரண்டு தரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார். மூன்றாம் தரம் இங்கே காலி வீதிக் கடையொன்றில் வாங்கிய பருத்திச் சேலையோடு வந்து நின்றார். உடுப்பு எங்கே என்று ஒருவர் கேட்டார். "நான் அங்க சனத்தோட இருந்தனான், உடுப்போட இல்லை," என்று சொல்லிவிட்டு, மழைக்கு ஒழுகும் பள்ளிக்கூடக் கூரையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பாதிப் பேர் சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்தார்கள்.

போன வருடம் ஊழியம் முடிவுக்கு வந்தது. அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது, படி ஏற முடியாது. பின் வீட்டில் படியே இல்லை என்பதில் அக்காவுக்குப் பெரிய ஆறுதல். யன்னல்களை அளந்து சொல், இங்கேயே திரை தைத்துக்கொண்டு வருகிறேன் என்று என்னிடம் கேட்டார். அளவு நாடாவோடு போனேன். உள்ளே இளைஞர் குழுவின் டிரம், ஓடாத மின்விசிறிகள், நத்தாருக்கு இயேசு பிறந்த குடிலில் வைக்கும் கால் உடைந்த ஒட்டகம். விஷயத்தைச் சொன்னேன். அக்கா உடனே அங்கிருந்தே குழுவோடு தொலைபேசியில் பேசினார். ஜெபத்தில் வைத்திருக்கிறோம், சிஸ்டர் என்றார்கள்.

எங்கள் குழுவின் இந்தப் பழக்கத்தை வெளியார் அறிய மாட்டார்கள். அங்கே எவரும் எதையும் மாட்டேன் என்று சொல்வதில்லை. விருப்பமில்லாத விஷயம் வந்தால், ஜெபிப்போம் என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலை குனிவார்கள். நிமிரும்போது அடுத்த விஷயத்துக்கு வந்திருப்பார்கள். மறுத்தவர் என்று ஒருவரும் இல்லாதபடியால் போய்ச் சண்டை பிடிக்கவும் ஆள் கிடையாது.

அக்காவிடம் வெளிப்படையாகவே சொன்னேன். அவர்கள் தரமாட்டார்கள், பேசாமல் வெள்ளவத்தையில் வாடகைக்குப் பார்ப்போம் என்றேன். எங்களுடைய சல்லிக்கு வெள்ளவத்தையில் சமைக்கிற குசினி மட்டுந்தான் கிடைக்கும் என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. "ஆண்டவரிட்ட கேக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு ஆரும் சும்மா இருப்பினமே, வதனி?" அவரைப் பொறுத்தவரை ஜெபத்தை வைத்து ஒருவரை ஏமாற்றலாம் என்ற நினைப்பே பாவம். குழுவை நம்பினார் என்று சொல்ல மாட்டேன், கடவுளை நம்பினார். அந்த நம்பிக்கையை அவர்கள் தங்களுக்கு வசதியாக வைத்துக்கொண்டார்கள். அக்கா திரைகளைத் தைத்தார், பெட்டிகளைக் கட்டினார்.

விமானச் சீட்டும் எடுத்த பிறகு குழுவின் செயலாளர் அக்காவை அழைத்தார். இளைஞர் ஊழியத்துக்கு அந்த வீடு தேவைப்படுகிறதாம், கர்த்தர் வேறொரு வாசலைத் திறப்பாராம். அன்றே அக்கா என்னோடு கதைத்தார். வெடிப்பார் என்று நினைத்தேன். குரல் தாழ்ந்திருந்தது. "கோபத்துக்கு ஒரு குறையும் இல்லை. எட்வினுக்கு என்னெண்டு சொல்லுவன்? அந்த மனுசன் எந்தச் செடியை எங்க வைக்கிறதெண்டெல்லாம் யோசிச்சு வைச்சிருக்கு." அடுத்த கிழமை அக்கா இல்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். இருதயம் என்று வைத்தியர் சொன்னாராம். வைத்தியரோடு நான் வாதாடப் போவதில்லை.

கொட்டாஞ்சேனையில் நினைவு ஆராதனை வைத்தார்கள். வாசலில் ஆளுயரப் பதாகை, மேடை நிறைய மலர் வளையம். அக்காவின் தியாகத்தைப் பற்றி இப்போதைய தலைவர் நெடுநேரம் பேசினார். கடைசியில், தனித்துப்போன எட்வின் ஐயாவின் எதிர்காலத்துக்காகத் தலைகளைத் தாழ்த்துவோம் என்றார். நான் எழுந்தேன்.

"ஜெபம் பிறகு பண்ணுவம். முதல்ல பின் வீட்டுத் திறப்பைத் தாங்கோ."

இது அதற்கான இடமில்லை என்றார். எது இடம் என்று கேட்டேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். பிறகு பாடகர் குழுவுக்கு ஓகன் வாசிப்பவர் எழுந்தார். பிறகு எத்தனை பேர் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திறப்பு வேறெங்கும் இல்லை, தலைவரின் காற்சட்டைப் பையில், அவருடைய கார்த் திறப்போடு ஒரே சாவி வளையத்தில் கிடந்தது. கழற்றித் தந்தார்.

பொருட்களை வெளியே எடுத்தது அந்த இளைஞர்கள்தான். தேநீர் கொடுத்து முடிவதற்குள் வீடு வெறுமையாகிவிட்டது. டிரம் வாசிக்கும் பையன் என்னிடம் வந்து, "எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே, ஆன்ட்டி. கேட்டிருந்தா அண்டைக்கே எடுத்திருப்பம்," என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு மத்தியான வேலை. அக்கா உயிரோடு இருந்த ஒரு வருடம் முழுவதும் அதைச் செய்ய இவர்களுக்கு மனம் வரவில்லை.

எட்வின் அண்ணனும் ஷாமினியும் அடுத்த மாதம் வருகிறார்கள். மாலை வேண்டாம், மேடை வேண்டாம், பதாகை வேண்டவே வேண்டாம். வந்து கதவைத் திறந்து இருக்கட்டும்.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. வசதியான பொருள் அல்ல. ஏற்கெனவே சிலர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். காலம் போனால் எல்லாம் ஆறும் என்று சிலர் சொல்கிறார்கள், மன்னிப்பதே நம் விசுவாசம் என்று சிலர் நினைவூட்டுகிறார்கள். எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் இனி இருவர் நடமாடுவார்கள், மூவர் நடமாடியிருக்க வேண்டும். எனக்கு மன்னிக்கும் மனம் வர வேண்டும் என்று தயவுசெய்து யாரும் ஜெபிக்க வேண்டாம்.