சோப்புப் போட்டு ஏற்றிய வளையல்

1980, மதுரை. இன்று மனைவியோடு தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்குப் போனேன்.

"பவுன் ஆயிரத்தைத் தாண்டிருச்சு. இப்பப் போயி எதுக்கு?" என்றேன்.

"அடுத்த வருசம் மில்லுல உங்களுக்கு ரிட்டயர்டு. அப்புறம் கஞ்சிக்கு என்ன வழி?" என்றாள்.

கடைக்காரர் சொன்னார், "அப்பத் தங்கக் காசா வாங்கிக்கங்கம்மா, செய்கூலி மிச்சம்."

"காசுன்னா இவரு அவசரம்னு வித்துருவாருண்ணே. வளையலைக் காட்டுங்க."

அவள் எடுத்த வளையல் கைக்குச் சின்னது. சோப்பு நுரை பூசி, மூச்சைப் பிடித்து ஏற்றிக்கொண்டாள்.

"இனிமே சோப்பு இல்லாமக் கழட்ட முடியாதேம்மா!" என்றார் கடைக்காரர்.

"அதுக்குத்தாண்ணே இம்புட்டுப் பாடு!"

கடையே சிரித்தது, நானும்தான்.

டவுன் பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கையை ஜன்னல் கம்பியிலேயே வைத்திருந்தாள்.

வந்து குளிக்கப் போனால் சோப்பைக் காணவில்லை.

உங்கள் வீடுகளில் சோப்பு வெளியேதான் இருக்கிறதா?