ஏரோட்ராம் பக்கத்துச் சம்பந்தம்

எனக்கு வந்த மாப்பிள்ளையிடம் அப்பா கண்ட ஒரே குறை, அவர் வீட்டுக்கு மேலே பிளேன் போனதுதான். எழுபதுகளின் கடைசி அது. திருச்சி ஏரோட்ராம் பக்கத்தில் அவர்கள் வீடு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கொழும்பு பிளேன் கூரையை உரசுகிற மாதிரி இறங்கியிருக்கிறது. அரண்டு போய் அரியலூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

"பையன் தங்கம்தான். ஆனா அது ஒரு நா வூட்டு மேல வுழுந்துச்சுன்னா?" என்றார் அம்மாவிடம்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். போட்டோவிலேயே அவரை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வேண்டாமென்று எப்படிச் சொல்லியனுப்புவது என்று அப்பா யோசித்து முடிப்பதற்குள், மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பெண் பார்க்க வந்து இறங்கிவிட்டார்கள்.

எங்கள் வீடு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மத்தியானம் சங்கு ஊதினால் வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அன்றும் ஊதியது. அம்மா பேச்சை நிறுத்தாமலே போய் வாசல் கதவைச் சாத்தினாள். அப்பா அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர்களை இறக்கித் தரையில் வைத்தார். நான் சாமி படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தினமும் செய்கிற வேலை, யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

தரை குலுங்கியது. கொல்லையில் ஒரு கல் வந்து விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லீங்க, வெடிதான். நீங்க பலகாரம் சாப்புடுங்க," என்றார் அப்பா சாவகாசமாக.

அந்த அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். மாற்றிப் போட்ட ஓடுகள் அங்கங்கே புதுசாகத் தெரிந்தன. பிறகு என்னைப் பார்த்தார்.

"பொண்ண இனிமே இங்க வச்சிருக்க வேணாங்க. வர்ற முகூர்த்தத்துலயே கூட்டிட்டுப் போயிடறோம்."

அப்பா தரையிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் படத்தைக் கீழே போடாமல் இருந்ததே பெரிசு.

பிளேன் சத்தம் ஒரே மாதத்தில் எனக்குப் பழகிவிட்டது. அது வந்தால் உலை வைக்கிற நேரம், அவ்வளவுதான். அந்த வீட்டில் நான் சந்தோஷமாகவே இருந்தேன். ஆனால் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, அரியலூரில் இப்போது சங்கு ஊதியிருப்பார்களே என்று நினைப்பு வரும். அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றால்? அங்கே இருந்தவரை ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. அவர்களை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் தப்பித்து வந்துவிட்ட மாதிரி இருக்கும்.