இமைமேல் வைத்த ஸ்கேன்

என் வீட்டுக்காரர் கேரள எல்லையில், பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கிடந்தார். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். டாக்டர் சொல்லாமல் விட்டது என்னவோ என்றுதான் எனக்கு யோசனை ஓடும்.

அவருக்கு நினைவு திரும்பியபோது நர்ஸ் பக்கத்தில் நின்றாள். எங்கள் எல்லைப்பக்கத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று போனால் வீட்டாளிடமும் மலையாளத்தில்தான் பேசுவோம். ஏதோ ஒளித்துப் பேசுகிறார்கள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே. வேதனை உண்டா என்று நானும் மலையாளத்திலேயே கேட்டேன். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"சிஸ்டரே, எண்ட பார்யயெ ஒன்னு விளிக்குமோ?" என்றார். என் மனைவியைக் கூப்பிடுவீர்களா என்று என்னிடமே.

அவருடைய தம்பி என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தான். "மைனி, அண்ணனுக்கு புத்தி போச்சு. பெண்டாட்டிய நர்ஸுங்குதாரு. இனி பிள்ளையப் பாக்குத மாதிரி பாக்கணுமாக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இனி என்னை அவருக்குத் தெரியவே தெரியாது.

கண் எதிலும் நிற்கவில்லையே என்று நர்ஸ் சொல்லி கண் டாக்டர் வந்தார். இவர் முகத்துக்கு நேரே கையை வீசிப் பார்த்தார். இமை அசையவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தால் சிலருக்குக் கண்ணுக்குள்ளும் கசியுமாம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இப்போது விடமுடியாது, மூளையின் நிலையை அந்தக் கண்மணியைப் பார்த்துத்தான் கணிக்கிறோம், அதனால் ஸ்கேனில் பார்க்கலாம் என்றார்.

ஸ்கேன் என்றால் எனக்கு வயிற்றுப்பிள்ளை பார்ப்பதுதான். இவருக்கு மூடிய இமைமேல் ஜெல்லைத் தடவி, கருவியை மெல்ல வைத்தார்கள். கண்ணை அங்கேயும் இங்கேயும் உருட்டச் சொன்னார்கள். நல்ல கண் என்றால் உள்பக்கம் திரையில் கறுப்பாகத் தெரியுமாம். இவருக்கு அந்தக் கறுப்பில் வெள்ளைப் பொடி. கண் நின்ற பிறகும் பொடி ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கண்ணிலும் அதேதான்.

ரத்தம்தான், பின்னால் உள்ள விழித்திரை பிரியவில்லை என்றார் டாக்டர். தானாகக் கரையலாம், இல்லாவிட்டால் பிறகு ஆபரேஷன் செய்து எடுக்கலாம்.

"பயப்படாதீங்க, கண்ணுலதான் ரத்தம். புத்திக்கு ஒண்ணுமில்ல" என்றேன் அவரிடம், தமிழில்.

"நீயாட்டி? நீ எதுக்கு மலையாளம் பேசின? நான் வேற ஆருன்னுல்லா நெனச்சேன்."

"கண்ணு தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"ராத்திரியாக்கும்னு நெனச்சேன். லைட்ட போடச் சொன்னா அடுத்த கட்டில்காரன் முழிச்சுக்கிடுவான்னு சும்மா கிடந்தேன்."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் டாக்டரிடம், கரையாவிட்டால் எத்தனை மாதம் பொறுத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.