ஜென்சி பூசிய க்ரீம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் வாராவாரம் இந்தப் பத்திக்கு நான் சொல்லச் சொல்ல, பெரிய மகனின் மகள் ஜென்சி எழுதுகிறாள். இந்த வாரம் அவள் கதையேதான்.

தேவிகுளம் பக்கம் ஒரு வியூ பாயின்ட்டில் அவளுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கத் திறந்தவெளி; மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி. முகத்தை மூடிக்கொள் என்றால், "மஞ்சுக்குள்ளதான நிக்கேன் ஆச்சி, வெயிலு எங்க இருக்கு?" என்பாள். அவளை எப்படிக் குறை சொல்ல? நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய நாங்களும் அப்படித்தான். மஞ்சு இறங்கினால் முகத்துணியை அவிழ்த்துவிடுவோம். நனைந்து கனக்கும். வெயில்தான் இல்லையே...

பெண் கறுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் முகத்தை வெள்ளையாக்கும் ஒரு க்ரீம் – வாங்கியது நான்தான். மூன்று வாரம் முகம் பளிச்சென்று இருந்தது. நாலாவது வாரம் சிவந்து எரிந்தது. தண்ணீர் பட்டாலே அழுதாள்.

போன வியாழக்கிழமை டாக்டரிடம் ஓடினோம். டாக்டரம்மா டியூபைத் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டீராய்டு, அம்மச்சி. தோல் மெலிஞ்சு போகும்."

"நெறம் போகட்டும்னுதான பூசுனோம்?"

"நிறம் என்ன, அழுக்கா?"

ஒரு தாளில் முட்டை மாதிரி வரைந்தார். தோலில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மஞ்சள் கரு போல ஒன்று. அதற்குள் டிஎன்ஏ – நம் உடம்பின் எழுத்து. வெயில் அதைக் கீறுகிறது. கீறல் பட்டதும் செல் சேதி அனுப்புகிறது. அடியில் உள்ள நிறச் செல், மெலனின் என்கிற கரும்பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பக்கத்துச் செல்களுக்குக் கைமாற்றுகிறது. அது போய் அந்தக் கருவின்மேல் குடையாகக் கவிந்துகொள்கிறது. மஞ்சு சூட்டைத்தான் தடுக்குமாம். கீறுகிற கதிர் அதற்குள்ளும் இறங்குமாம்.

எத்தனை பேரை 'இப்படிக் கறுத்துட்டியே' என்று கேட்டிருப்பேன்... குடை பிடித்ததற்கா கேட்டேன்?

க்ரீமை நிறுத்தினால் முதலில் இன்னும் சிவக்கும், பொறுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். பஸ்ஸில் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மூணே நாளு பூசுட்டி. திங்கக்கெழம நிறுத்திக்கிடலாம்."

ஜென்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க வாறது ஒரு நாளு ஆச்சி. மூஞ்சி எனக்கு மிச்ச நாளு பூராவும் வேணும்லா."

டியூபை டாக்டரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஞாயிறன்று தக்காளிப் பழம் போன்ற முகத்தோடு காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "மொகத்துல என்னம்மா?"

"தப்பான க்ரீம பூசிட்டேன் ஆன்ட்டி."

வாங்கித் தந்தது யார் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் எரிந்தது எனக்குத்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. யாரைக் குறை சொல்ல... குறை சொல்லியே அலுத்துவிட்டது.

ஜென்சி, எழுதினதை வாசி, கேட்கிறேன். பஸ்ஸில் நான் சொன்னதை விட்டுவிடாமல் வாசி.