வலப்பக்கச் சக்கரம்

நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. இது எனக்கு நடந்தது. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

லாரி செய்யும் தொழிற்சாலையில் சக்கரம் மாட்டுவது என் வேலை. இடப்பக்கம் நான். வலப்பக்கத்து ஆள் அந்த வாரம்தான் வேலையை விட்டுப் போயிருந்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி போல அவ்வளவு பெரிய கூடத்துக்கு ஒன்பது பேர். பாகங்களுக்கும் பஞ்சம். அன்று காலையிலிருந்து லைன் நின்று, 4.10-க்கு ஒரே ஒரு லாரி வந்தது.

“ரெண்டு பக்கமும் நீயே பாத்துக்கோ” என்றார் ஃபோர்மேன்.

“எனக்கென்ன நாலு கையா சார்?”

“இருக்கிற ரெண்டை வேகமா ஆட்டு. இது இன்னைக்குப் போகலன்னா நாளைக்கு நமக்கு வேலை இல்ல.”

இடப்பக்க முன்சக்கரத்தின் பத்து நட்டையும் முறுக்கி, மஞ்சள் பெயிண்ட் வைத்தேன். பெயிண்ட் இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். திரும்பத் தொடமாட்டோம். சுற்றி வலப்பக்கம் ஓடினேன்.

அங்கே ஏற்கெனவே பெயிண்ட் இருந்தது. ஈரமாக.

ஃபோர்மேன் எங்கிருந்தோ ஆள் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

4.22. இடப்பக்கப் பின்சக்கரத்தையும் முடித்தேன். எதிர்ப்பக்கம் சத்தம் கேட்டது. டக்… டக்…

“யாருப்பா அங்க?”

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். இரண்டு பூட்ஸ். முனை சக்கரத்தைப் பார்த்து இல்லை. சக்கரத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி யாரோ முறுக்கிக்கொண்டிருந்தார்கள்…

சுற்றி ஓடினேன்.

யாரும் இல்லை.

பெயிண்ட் மட்டும் வழிந்துகொண்டிருந்தது…

பயந்தேன். வேலை போகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். புது வண்டிகளை ஷோரூமுக்கு ஓட்டிப் போகிற டிரைவர் என் அண்ணன். 5.30-க்கு அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

6.25. ஸ்டோர்க்காரர் ஒரு பெட்டியை இறக்கினார்.

“வலப்பக்க நட்டு. இப்பதான் லோடு வந்துச்சு.”

“அப்ப அந்த வண்டில போட்டது?”

“எதைப் போட்ட? காலைலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு நான் ஒண்ணுகூடக் கொடுக்கலையே.”

அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி… எடுக்கவில்லை. 6.41-க்கு எடுத்தார்.

“அண்ணே, வண்டிய ஓரங்கட்டு. வலப்பக்கச் சக்கரத்தைப் பாரு.”

கதவு திறக்கும் சத்தம்.

“எல்லாம் டைட்டா இருக்குடா.”

எனக்கு மூச்சு வந்தது. அவர் சுற்றி நடப்பது கேட்டது… நின்றார்.

“தம்பி… உன் பக்கத்துல ஒரு நட்டுகூட இல்லையே.”

பிறகு நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் மீட்டரைப் பார்த்தோம். முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். இடப்பக்கச் சக்கரங்கள் இருந்த இடத்தை விட்டு இம்மிகூட விலகவில்லை. அத்தனை தூரமும் அவற்றை யார் பிடித்துக்கொண்டு போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.