வெளித் தாழ்ப்பாள்

மெல்பேர்னுக்கு வெளியே, ஆங்கிலேயர் ஒருவர் தம் ஊர் மாளிகையைப் போலவே கட்டிய பழைய வீடு அது. அடுத்தடுத்து வந்தவர்கள் இடித்தும் சேர்த்தும் மாற்றியிருந்தார்கள். அதைத் திருமண மண்டபமாக்கும் பொறுப்பு எனக்கு.

மாடிச் சுவரைப் பிரித்த தச்சர் சிவம் அண்ணா என்னைக் கூப்பிட்டார். சுவருக்குப் பின்னால் ஜன்னலில்லாத சிறிய அறை. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உட்பக்கம், ஒரு குழந்தையின் உயரம் வரை நகக்கீறல்கள்.

“ஆரையோ பூட்டி வச்சிருக்கினம் தம்பி. பொலிசுக்குச் சொல்லத்தானே வேணும்?”

சொன்னால் வேலை நின்றுவிடும். “மூடிடுங்க அண்ணா” என்றேன்.

பலகை அடித்து மூடினார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

மண்டபத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அந்தக் குழந்தையை இரண்டாம் முறை பூட்டியவன் நான் என்பது யாருக்கும் தெரியாது.